சோலார் போட்ட பிறகு பேக்கப் குறைந்தது ஏன்? ராயபுரம் மாடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இன்வர்ட்டரும் பேட்டரியும் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. மாடியில் ஒரு பேனலை மாட்டி, ஒரு கன்ட்ரோலர் (பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளவோடு வைக்கும் பெட்டி) வழியாகப் பேட்டரியில் சேர்த்துவிட்டால் போதும். வீட்டு சோலாரில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். பொருள் குறைவு, அரை நாள் வேலை. வடசென்னை ராயபுரத்தில் கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினார்கள். விளைவு நேர்மாறாக வந்தது. சோலாருக்கு முன்னால், கரன்ட் போனால் இரண்டு ஃபேனும் விளக்கும் நாலு மணி நேரம் ஓடின. போட்ட பிறகு, மாலையில் கரன்ட் போன முக்கால் மணி நேரத்தில் இன்வர்ட்டர் கத்தத் தொடங்கியது.

பேனல் பழுதில்லை, பேட்டரியும் சாகவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் பொருளும் வேலை செய்தன. ஒன்றோடொன்று சேர்ந்த இடங்களில்தான் மின்சாரம் தொலைந்துகொண்டிருந்தது.

இருந்த பொருட்கள்

900 வி.ஏ. இன்வர்ட்டர், மூன்று வயதான 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி, 72 செல் கொண்ட 330 வாட் பேனல், 20 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். பேனலின் முதுகு ஸ்டிக்கரில் இருந்தவை: திறந்த நிலை வோல்டேஜ் 45.6, வேலை செய்யும் வோல்டேஜ் 37.4, வேலை செய்யும் கரன்ட் 8.83 ஆம்பியர், ஷார்ட் கரன்ட் (இரண்டு முனையையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடுவது) 9.3 ஆம்பியர். இந்த நான்கு எண்களையும் வாங்கும்போதே படித்திருந்தால் கதையில் பாதி அங்கேயே முடிந்திருக்கும்.

கன்ட்ரோலரை மாடிப்படிக் கூண்டின் உள்சுவரில், பேனலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கிருந்து தரைத்தளத்தில் இருக்கும் பேட்டரிக்கு 14 மீட்டர், வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். நடுவில் ஒயர் பற்றாமல் மாடியில் ஒரு ஒட்டு.

முதல் இரண்டு வாரம் கன்ட்ரோலரில் அரை ஆம்பியர், முக்கால் ஆம்பியர் என்றுதான் காட்டியது. அதில் வியப்பில்லை. ஈ.பி. கரன்ட் இருக்கும் வரை இன்வர்ட்டரே பேட்டரியை நிரப்பி 13.7 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவுதான் ஊற்ற முடியும்? இதைப் பார்த்த ஒருவர், காலை எட்டு மணிக்கு இன்வர்ட்டரின் ஈ.பி. சுவிட்சை அணைத்து மாலை ஆறுக்குப் போடச் சொன்னார். யோசனை தப்பில்லை, கணக்குத்தான் இல்லை. பகல் முழுக்க இரண்டு பழைய ஃபேன் 150 வாட், ரவுட்டர் 10 வாட். பத்து மணி நேரத்துக்கு 1,600 வாட் மணி. இன்வர்ட்டரின் இழப்பும் அது சும்மா இருக்கும்போதே தின்னும் பத்துப் பன்னிரண்டு வாட்டும் சேர்ந்தால் பேட்டரியிலிருந்து போவது ஏறக்குறைய 2,000 வாட் மணி, அதாவது 2 யூனிட். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1,800 வாட் மணி. சோலார் குறைந்தது ஒரு யூனிட்டாவது தந்தால்தான் மாலையில் ஏதாவது மிஞ்சும். அது தந்ததோ அரை யூனிட்டுக்கும் கீழே.

நண்பகல் அளவுகள்

பிப்ரவரி மாதம், மேகமில்லாத நாள், மணி 12. இன்வர்ட்டரை முழுதாக அணைத்துவிட்டு டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரும் மல்டிமீட்டரும் வைத்து எடுத்த அளவுகள் இவை. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மட்டுமே அளக்கும், இதற்கு உதவாது. ரிச்சி தெருவில் வாங்கும்போது டி.சி. ஆம்பியர் உண்டா என்று கேட்டு, கடையிலேயே ஒரு பேட்டரியில் சோதித்து வாங்க வேண்டும்.

கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் 14.4 வோல்ட்.
கீழே பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்தால் 12.5 வோல்ட்.
ஓடும் கரன்ட் 5.9 ஆம்பியர்.

ஒரே ஒயரின் இரண்டு முனைகள், நடுவில் 1.9 வோல்ட் காணோம். முழு ஆய்விலும் மிக முக்கியமான அளவு இதுதான். இதற்கு மல்டிமீட்டர் தவிர எதுவும் வேண்டாம். சோலார் சரியில்லை என்று தோன்றினால் பேனலைத் துடைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

அந்த 1.9 வோல்ட் இழப்போடு நிற்பதில்லை, கன்ட்ரோலரையும் ஏமாற்றுகிறது. டியூபுலர் பேட்டரிக்கு 14.4 வோல்ட் என்பது ‘நிரம்பப் போகிறது, கரன்ட்டைக் குறை’ என்ற அடையாளம். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4-ஐப் பார்க்கிறது, கரன்ட்டை நறுக்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் கழித்து ‘நிரம்பியது’ என்று பச்சை விளக்கைப் போட்டு 13.7-க்கு இறங்குகிறது. அப்போது பேட்டரிக்குள் போவது மூன்றரை ஆம்பியர். கீழே பேட்டரி பசியோடு இருக்கிறது, மேலே பச்சை விளக்கு எரிகிறது. வீட்டுக்காரர் அந்த விளக்கைப் பார்த்து, ‘பேட்டரிதான் கெட்டுவிட்டது’ என்ற முடிவுக்கு வந்து புதுப் பேட்டரிக்கு விலை கேட்டு வைத்திருந்தார்.

2.5 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லி ஓம். போக 14, வர 14, மொத்தம் 28 மீட்டர். வெயிலில் சூடேறிய நிலையில் 0.24 ஓம். 5.9 ஆம்பியருக்கு அது தின்பது 1.4 வோல்ட். மிச்சம் அரை வோல்ட்?

ஒட்டுக்குள் இருந்தது

அரை வோல்ட் மாடி ஒட்டில் இருந்தது. மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்தினால் 0.48 வோல்ட். ஒட்டைத் தொட்டால் விரலுக்குச் சூடு தெரிந்தது. மூன்று வாட் கூட இல்லை, ஆனால் விரல் கனத்தில் அவ்வளவும் சேர்ந்து நிற்கிறது.

டேப்பைப் பிரித்தால், வெளிச்சுற்று வெயிலில் உருகிப் பிசினாகி இருந்தது, உள்சுற்று ஈரமாகவே இருந்தது. உள்ளே செம்பு இழைகள் முறுக்கிவிட்ட கயிறு மாதிரி. வெளி இழைகளில் நீலப்பச்சைப் பொடி, அதற்குள் கறுப்பு. நகத்தால் நெருடினால் இரண்டு மூன்று இழைகள் ஒடிந்து கையோடு வந்தன. கறுப்பு ஒட்டில் மட்டும் நிற்கவில்லை. இன்சுலேஷனைச் சீவிக்கொண்டே போனால் ஒரு சாண் தூரத்துக்கு ஒயருக்குள்ளேயே கறுத்திருந்தது. உப்பு ஈரம் இழைகளின் சந்து வழியாகத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி உள்ளே போகும். அதனால்தான் கடற்கரையில் பழைய ஒட்டை வெட்டிவிட்டு அதே ஒயரில் புது லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) அடிப்பது பயன் தருவதில்லை. கறுத்த செம்பில் எவ்வளவு அழுத்தி கிரிம்ப் செய்தாலும் பிடிப்பு வராது. பளபளப்பு தெரியும் வரை வெட்ட வேண்டும், அல்லது ஒயரையே மாற்ற வேண்டும்.

சோலாருக்கென்று விற்கும் 4 ஸ்கொயர் டி.சி. கேபிளில் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு உண்டு, மேல் உறை வெயிலைத் தாங்கும். மீட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்தப் பூச்சுக்குத்தான். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இதைச் செலவு என்று பார்க்கவே கூடாது.

330 வாட்டும் 12 வோல்ட்டும்

ஒயரையும் ஒட்டையும் சரிசெய்தாலும் இந்த அமைப்பு தேறியிருக்காது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் என்பது வேகமாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இணைத்திருக்கும்போது பேனலை அப்படியே பேட்டரியோடு கட்டிவிடுகிறது. பேட்டரி 12.6 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 12.6-க்கு இழுபட்டு நிற்கும். 37 வோல்ட்டில் வேலை செய்யப் பிறந்த பேனல் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜில் அதே எட்டு ஆம்பியரைத்தான் தரும். 8.2 ஆம்பியரை 12.6-ஆல் பெருக்கினால் 103 வாட். பேனலின் பெயர்ப்பலகை 330 என்று சொல்வதால் கன்ட்ரோலருக்கு ஒன்றுமில்லை. 36 செல் கொண்ட 160 வாட் பேனலும் இதே கன்ட்ரோலரில் இதே கரன்ட்டைத் தந்திருக்கும், பாதி எடையில்.

அன்றைய நண்பகலுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. துடைத்த பேனலின் ஷார்ட் கரன்ட் 8.3 ஆம்பியர், அதாவது ஸ்டிக்கரில் உள்ளதில் 89 சதவீத வெயில். அதற்கு 294 வாட் வர வேண்டும். பேனலின் உடல் சூடு 60 டிகிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும் என்றால் மிஞ்சுவது 253 வாட். உண்மையில் எடுத்திருக்கக்கூடியது அவ்வளவு. பேட்டரிக்குள் போனது 74 வாட். இடையே தொலைந்த 179 வாட்டில் கன்ட்ரோலர் பொருத்தமின்மை தின்றது 150. ஒயரும் ஒட்டும் 18. அழுக்கு 11.

பேட்டரி நிரம்பவில்லை என்றதும் ‘பேனலைத் துடைத்தீர்களா?’ என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இங்கே துடைப்பது கடைசி வேலை.

தீர்வுகள் மூன்று இருந்தன. பி.டபிள்யூ.எம்.-ஐ வைத்துக்கொண்டு 36 செல் பேனலுக்கு மாறுவது ஒன்று. 24 வோல்ட் இன்வர்ட்டரும் இன்னொரு பேட்டரியும் வாங்கி, அதே பேனலில் இரட்டிப்பு எடுப்பது இன்னொன்று. 12 வோல்ட் அமைப்பிலேயே எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வைப்பது மூன்றாவது. எம்.பி.பி.டி. பேனலை அதற்குப் பிடித்த வோல்டேஜில் விட்டுவிட்டு, அந்த வாட்டை பேட்டரியின் வோல்டேஜுக்கு மாற்றிக் கூடுதல் கரன்ட்டாகக் கொடுக்கும். இந்த வீட்டில் மூன்றாவதைத் தேர்ந்தது சரி. மாற்ற வேண்டியது ஒரு பெட்டி மட்டுமே. 150 ஏ.எச். டியூபுலருக்கு 15 முதல் 20 ஆம்பியர் சார்ஜ் பொருத்தமானது, 330 வாட் பேனல் கொடுக்கக்கூடியதும் அதுவே.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. பேனல் பக்கம் தாங்கும் வோல்டேஜ் வரம்பைப் பாருங்கள். 45.6 வோல்ட் பேனலுக்கு 50 வோல்ட் வரம்புள்ள பெட்டி விளிம்பில் நிற்கும். 75 அல்லது 100 வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் 540 வாட் பேனல்கள் திறந்த நிலையில் 50 வோல்ட்டை ஒட்டி நிற்பவை. அவற்றை 50 வோல்ட் பெட்டியில் மாட்டவே கூடாது. இரண்டாவது, மேலே எம்.பி.பி.டி. என்று அச்சிட்டு உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. உண்மையானதில் கனமான காயில் இருக்கும், கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடும். மாட்டிய பிறகு நண்பகலில் பேனல் ஒயரிலும் பேட்டரி ஒயரிலும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆம்பியர் காட்டினால் அது போலி. உண்மையானது பேட்டரி பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும்.

மாற்றிக் கட்டியது

எம்.பி.பி.டி. பெட்டியை மாடியில் வைக்காமல் தரைத்தளத்தில் பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டரில் வைத்தார்கள். இந்த இடமாற்றம் பெட்டியை மாற்றியதற்கு இணையானது. நீள ஒயரில் இப்போது ஓடுவது 32 வோல்ட். பழைய 2.5 ஸ்கொயர் ஒயரே இருந்திருந்தாலும் அது தின்னும் 1.8 வோல்ட் இப்போது ஆறு சதவீதத்துக்கும் கீழே. அதைவிட முக்கியம், பெட்டி பேட்டரிக்கு அருகில் இருப்பதால் பேட்டரியின் உண்மை வோல்டேஜ் அதற்குத் தெரிகிறது. உப்புக் காற்றும் மாடிக் கூண்டின் சூடும் இல்லை என்பது கூடுதல் லாபம்.

பயன்பட்டவை: 30 ஆம்பியர் எம்.பி.பி.டி., 4 ஸ்கொயர் டி.சி. கேபிள் சிவப்பு 17 மீட்டர், கறுப்பு 17 மீட்டர், எம்.சி.4 கனெக்டர் ஒரு ஜோடி, 16 ஆம்பியர் இரட்டை முனை டி.சி. எம்.சி.பி. (கரன்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10 ஸ்கொயர் ஒயர், வெள்ளீயம் பூசிய லக் நான்கு, போல்ட் வைத்து முறுக்கும் 40 ஆம்பியர் ஃபியூஸ், பச்சை மஞ்சள் எர்த் ஒயர்.

பழைய அமைப்பில் பேட்டரியை ஒட்டி ஃபியூஸே இல்லை. இந்த அளவு பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கன்ட்ரோலர் ஒயர் எங்காவது உரசினால் அணைக்க வழி கிடையாது. ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

மாடியில் இருந்த எம்.சி.பி. சாதாரண ஏ.சி. வகை. ஏ.சி. கரன்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்ச் திறக்கும்போது வரும் தீப்பொறி அதில் அணைந்துவிடும். டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது, பொறி நீண்டு நின்று எரியும். கழற்றிப் பார்த்தபோது தொடுமுனைகள் கரியாகியிருந்தன. டி.சி. எம்.சி.பி.யிலும் சிலவற்றுக்குப் பிளஸ் மைனஸ் குறி இருக்கும். அதை மாற்றி இணைத்தால் பொறி அணையும் பக்கத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போகும்.

எம்.சி.4 கனெக்டர் ஜோடியின் இரண்டு பாதியும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும். வேறு வேறு தயாரிப்புகள் ‘கிளிக்’ என்று பொருந்தும், ஆனால் உள்முனை அளவு நூலிழை வித்தியாசப்படும், ரப்பர் வளையம் முழுதாக அமுங்காது. ஓர் ஆண்டில் உள்ளே பச்சை. கிரிம்ப் செய்ய அதற்கான இடுக்கியே வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்குவது ஒட்டுப் போடுவதைவிட மோசம். கனெக்டரைத் தரையில் கிடத்தாமல், மழைநீர் வழிந்து நிற்காதபடி பேனலுக்கு அடியில் தூக்கிக் கட்ட வேண்டும்.

இணைக்கும் வரிசை: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பெட்டி பேட்டரியைப் பார்த்துத்தான் தன்னை 12 வோல்ட்டுக்கு அமைத்துக்கொள்கிறது. பேட்டரி இல்லாமல் 45 வோல்ட் முதலில் வந்தால் சில பெட்டிகள் அங்கேயே புகைந்துவிடும். வெயிலில் எம்.சி.4-ஐ இழுத்துப் பிரிப்பது கூடாது. பேனல் மேல் கனமான போர்வையைப் போட்டு, எம்.சி.பி.யை அணைத்துவிட்டுப் பிரிக்கவும்.

மறுநாள் அதே நண்பகல் அளவு: பேனல் பக்கம் 32.1 வோல்ட், 7.5 ஆம்பியர். பேட்டரி பக்கம் 13.1 வோல்ட், 17.4 ஆம்பியர். உள்ளே போவது 228 வாட். அதே பேனல், அதே பேட்டரி, முன்பைவிட மூன்று மடங்கு.

சரியாகிப் போனதும் புதிதாக ஒரு குறை வெளியே வந்தது. தென்கிழக்கு மூலையில் சின்டெக்ஸ் டேங்க், பேனலைவிட 1.2 மீட்டர் உயரம். டிசம்பர் 21 வாக்கில் காலை ஒன்பது மணிக்கு அதன் நிழல் 1.9 மீட்டர் நீளும். பேனலுக்குள் மூன்று வரிசைக்கு மூன்று பைபாஸ் டையோடு (நிழல் பட்ட வரிசையைச் சுற்றிக் கரன்ட்டை விடும் பாகம்). ஒரு வரிசையில் நிழல் விழுந்தால் அது விலகி, மிச்சம் 24 வோல்ட் நிற்கும். பி.டபிள்யூ.எம்.-க்கு 12.6 போதும் என்பதால் அதற்கு இந்த நிழல் உறைக்கவே இல்லை. எம்.பி.பி.டி.க்கு மூன்றில் ஒரு பங்கு உடனே போய்விடுகிறது. பேனலை மேற்கே ஒன்றரை மீட்டர் தள்ள வேண்டியிருந்தது. தள்ளப் போன இடத்தில்தான் பேனலைத் தாங்கும் சட்டத்தின் கால்களின் நிலை தெரிந்தது.

கால்களும் கூரையும்

சாதாரண இரும்பு ஆங்கிளில் பெயின்ட் அடித்த சட்டம். மேலே பார்த்தால் நன்றாக இருந்தது. தளத்தைத் தொடும் கடைசி இரண்டு அங்குலம் ஏடு ஏடாக உரிந்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கியது. போல்ட்டுகளில் இரண்டின் நட்டு கையாலேயே சுழன்றது.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தளம் கான்கிரீட்டா, மெட்ராஸ் டெரஸா? மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்திரங்கள் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தளம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மர உத்திரங்கள் வரிசையாகத் தெரியும். அதில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் அடித்தால் பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். காற்று இழுக்கும்போது செங்கல்லோடு வரும், அந்தத் துளை வழியாக மழைநீர் உத்திரத்தின் தலைக்குப் போகும். இந்த வீட்டில் முன்பாதி மெட்ராஸ் டெரஸ், படிக்கூண்டு மட்டும் பின்னால் கட்டிய கான்கிரீட். நல்லவேளை, துளை போடவில்லை. மோசம் என்னவென்றால், நாலு செங்கல்லை வைத்து அமுக்கியிருந்தார்கள்.

சென்னைக்கு இந்தியத் தர விதிப்படி அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது மாடிகளில் பறந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தோன்றாது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். 1.94 சதுர மீட்டர் பேனலுக்கு ஏறக்குறைய 2,900 நியூட்டன், சுமார் 296 கிலோ தூக்கு விசை. சாய்வு குறைவாக, கைப்பிடிச் சுவரின் மறைவில் இருந்தால் உண்மை விசை இதற்குக் கீழே இருக்கும், இருந்தாலும் இந்த எண்ணை வைத்தே கட்டுவது நல்லது. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சத்தில். 10 டிகிரி தெற்குச் சாய்வு வெயிலுக்கும் போதும், காற்றுக்கும் நல்லது.

ஹாட் டிப் கால்வனைஸ் செய்த 40க்கு 40 ஆங்கிளில் புதுச் சட்டம் செய்து, 45க்கு 30க்கு 20 செ.மீ. கான்கிரீட் கட்டைகள் நான்கில் உட்கார வைத்தார்கள். ஒரு கட்டை 65 கிலோ. கட்டை, சட்டம், பேனல் எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தொடும். இந்த எடையை உத்திரங்களின் நடுவில் இறக்கக் கூடாது. கீழே சுமை தாங்கும் சுவர் எங்கே ஓடுகிறது என்று அளந்து, அந்தக் கோட்டின் மேலேயே நான்கு கட்டையும் வந்தன. பாதுகாப்புக்கு இரண்டு எஃகுக் கயிறு, படிக்கூண்டின் கான்கிரீட்டில் அடித்த ஆங்கருக்கு. சந்தேகமான பழைய தளத்தில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கட்டட எஞ்சினியரைக் கூப்பிடுவது வீண் செலவாகாது.

போல்ட் எட்டு எம்.எம்., 316 தர ஸ்டெயின்லெஸ். 304 இங்கே ஒரு மழைக்காலத்தில் டீக்கறை மாதிரி பழுப்புத் துரு பிடித்துவிடும். பாரிமுனை போல்ட் கடைகளில் தரம் சொல்லிக் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் 304 வரும். ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் மரையோடு கடித்துக்கொண்டு கழலாது. துளி கிரீஸ் தடவி மெதுவாக முறுக்கவும். பேனலின் அலுமினியச் சட்டம் ஆங்கிளைத் தொடும் இடத்தில் ரப்பர் தகடு. கால்வனைஸ் ஆன பிறகு போட்ட ஒவ்வொரு துளைக்கும் துத்தநாகப் பெயின்ட். அந்தத் துளையில்தான் துரு தொடங்கும்.

ஈ.பி.யை யார் அணைப்பது?

கையால் சுவிட்ச் போடும் பழக்கத்துக்குப் பதில் ஒரு வோல்டேஜ் ரிலே: பேட்டரி 13.4 வோல்ட்டைத் தொட்டுப் பத்து நிமிடம் நின்றால் இன்வர்ட்டருக்குப் போகும் ஈ.பி.யைத் துண்டிக்கும், 12.2-க்கு இறங்கினால் திரும்ப இணைக்கும். 12.2-க்குக் கீழே விடாததால் மாலைக் கரன்ட் கட்டுக்குப் பாதிப் பேட்டரி எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

முதல் இரவே கோளாறு. ஈ.பி. சார்ஜரே பேட்டரியை 13.7-க்கு ஏற்றுவதால் ரிலே ‘வெயில் வந்துவிட்டது’ என்று நினைத்து நள்ளிரவில் ஈ.பி.யைத் துண்டித்தது. விடிய விடிய துண்டிப்பதும் இணைப்பதுமாக டக் டக் என்று ஒலி. ரிலேவோடு தொடரில் ஒரு டைமரை வைத்து, காலை 9 முதல் மாலை 4 வரை மட்டும் துண்டிக்க அனுமதித்ததும் நின்றது. விலை மலிவான நீல நிற ரிலேயை நேரடியாக 230 வோல்ட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஈ.பி. திரும்பும் நொடியில் சார்ஜரும் வீட்டு லோடும் சேர்ந்து இழுக்கும்போது முனைகள் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது 25 ஆம்பியர் கான்டாக்டரை (பெரிய கரன்ட்டைத் தாங்கும் ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் ஈ.பி.யைத் துண்டிக்கட்டும். இந்தப் பகுதி மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால் நடக்க வேண்டும்.

ஃபேன் இரண்டையும் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாகத் தின்னும் மோட்டார் வகை) ஆக்கியதில் 150 வாட் 60 ஆனது. இப்போது பகல் தேவை இழப்புகள் உட்பட ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. தெளிந்த நாளில் வருவது 0.95 முதல் 1.05 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் கால் யூனிட்தான் வரும். அந்த நாட்களில் ரிலே ஈ.பி.யைத் துண்டிக்கவே துண்டிக்காது, வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மின் கட்டணத்தில் இது என்ன மிச்சம் பிடிக்கும் என்றால், இரண்டு மாதத்துக்கு அதிகபட்சம் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் வீட்டுக்கு மிச்சம் பூஜ்யம். பிரதமர் சூரிய வீடு திட்ட மானியமும் இதற்குக் கிடையாது, அது ஈ.பி. லைனோடு இணைந்த கூரை அமைப்புக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நாள் கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த தெருக்களுக்குத்தான் இந்த ஒரு யூனிட்டின் மதிப்பு தெரியும். அதே புயலை நினைத்துத்தான் 60 கிலோ பேட்டரியைத் தரையிலிருந்த டிராலியை விட்டுத் தூக்கி, மூன்றடி உயரச் செங்கல் மேடையில் வைத்தார்கள். ஜன்னலுக்கு அருகில், கேஸ் அடுப்புக்குத் தொலைவில்.

துடைப்பது, கடைசியாக

அரை மாதத்துக்கு ஒரு முறை, விடியற்காலையில், மெட்ரோ வாட்டரில். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் படலம் நிற்கும், அது உப்புத் தூசைவிடப் பிடிவாதமானது. எண்ணூர்ப் பக்கம் சாம்பல் படியும் வீடுகளில் பனி ஈரத்தோடு அது பொருக்குத் தட்டும் முன், வாரம் ஒரு முறை. மீன் வாடைக்குக் காக்கைக்கூட்டம் நிற்கும் ராயபுரத்தில் எச்சம்தான் பெரிய தொல்லை. ஒரு செல்லை மூடிய எச்சம் அந்த வரிசையையே கெடுத்து அந்த இடத்தைச் சூடாக்கும். பேனலின் மேல் விளிம்புக்கு நாலு விரல் உயரத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டியதும் காக்கை டேங்குக்கு இடம் மாறிவிட்டது.

பேட்டரிக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மாதக் கணக்கில் அரைப் பசியில் கிடந்ததால் ஹைட்ரோமீட்டரில் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஆறு செல்லும் 1.190-ஐ ஒட்டி நின்றன. நிரம்பிய டியூபுலருக்கு 1.240 வேண்டும். இன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பேட்டரி அட்டையில் அனுமதித்த வரம்புக்குள் 15 வோல்ட்டில் மூன்று நாள் பகலில் சில மணி நேரம் ஏற்றியதில் ஐந்து செல் 1.235-க்கு வந்தன. டிஸ்டில்டு வாட்டரை ஏற்றி முடித்த பிறகே ஊற்றினார்கள், முன்னால் ஊற்றினால் கொதித்து வழியும். நெகட்டிவ் முனையிலிருந்து மூன்றாவது செல் மட்டும் 1.210-க்கு மேல் ஏறவில்லை. அதன் மூடியில் மார்க்கரால் தேதியும் எண்ணும் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த அளவு ஆடி மாதம்.